முன்னால் இருப்பவர் சீட்டைச் சாய்த்தால்? – கேள்வி பதில்

வளைகுடா எயார்லைன் ஒன்றில் கேபின் குழுவில் வேலை செய்தவள் நான், இப்போது கல்லடியில் வீட்டோடு இருக்கிறேன். விமானப் பயணத்தில் என்ன சந்தேகம் என்றாலும் கேளுங்கள் என்று சொன்னேன். பெட்டி எடை, விசா என்றுதான் வரும் என்று நினைத்தால், வந்ததில் பெரும்பாலானவை சீட் சாய்க்கிற சண்டை. சரி, அதையே கதைப்போம்.

காத்தான்குடி: கொழும்பிலிருந்து ரியாத் போகும்போது சீட் பெல்ட் லைட் அணைந்த உடனேயே முன்னால் இருந்தவர் முழுதாகச் சாய்த்துவிட்டார். இறங்கும்வரை என் முழங்கால் அவர் சீட்டில் இடித்தபடியே. அவர் செய்தது சரியா அக்கா?

விதிப்படி சரிதான் தம்பி. பட்டன் அவருடைய சீட்டில் இருக்கிறது, பறக்கும்போது அதை அழுத்தக் கூடாது என்று எந்தச் சட்டமும் இல்லை. ஓடுபாதைக்குப் போகும்போதும், ஏறும்போதும், இறங்கும்போதும் மட்டும் நிமிர்த்தியே ஆக வேண்டும். அவசரம் என்றால் பாதி வாசலை மட்டும் வைத்துக்கொண்டு 90 செக்கனுக்குள் எல்லோரையும் வெளியேற்ற முடியும் என்று காட்டித்தான் ஒரு விமான மாடலுக்கு அனுமதி வாங்குகிறார்கள், அந்த நேரம் சாய்ந்த சீட் ஒன்று நடுவில் இருந்தால் பின்னால் இருக்கிறவர் எழும்பவே தடுமாறுவார்.

ஆனால் உங்கள் கோபம் போக வேண்டிய இடம் வேறு. ஒரு சீட்டின் ஒரு புள்ளியிலிருந்து அடுத்த வரிசைச் சீட்டின் அதே புள்ளி வரை உள்ள தூரத்தை பிட்ச் என்பார்கள். சாதாரண வகுப்பில் இப்போது 30 முதல் 32 அங்குலம், மலிவு எயார்லைன்களில் 28, 29க்குக்கூட இறங்கிவிட்டது. இதில் சீட்டின் தடிப்பும் சேர்த்தி, அதனால் இது முழுவதும் கால் வைக்கிற இடம் என்று நினைத்துவிடாதீர்கள். வரிசையைக் கூட்டினால் எயார்லைன் விற்கிற டிக்கட்டும் கூடும். பின்னுக்குச் சாய்கிற நாலைந்து அங்குலத்தை எயார்லைன்காரர் முன்னால் இருக்கிறவருக்குச் சாய்கிற இடம் என்று விற்றார்கள், உங்களுக்கு முழங்கால் இடம் என்று விற்றார்கள். ஒரே வளவை இரண்டு பேருக்கு எழுதிக் கொடுத்த மாதிரி. எழுதிக் கொடுத்தவர் அந்த விமானத்தில் இல்லை, வாங்கிய இரண்டு பேரும்தான் அடிபடுகிறீர்கள்.

சாப்பாட்டு நேரம் மட்டும் வேறு. அது சட்டம் இல்லை, ஆனால் கேபின் குழுவிடம் சொன்னால் முன்னால் இருக்கிறவரை நிமிர்த்தச் சொல்வார்கள். நான் சொல்லாத நாள் இல்லை. அப்புறம், சாய்க்கிற எல்லோருக்கும் ஒன்று: முதலில் திரும்பிப் பாருங்கள். பின்னால் ட்ரேயில் சுடச்சுட பிளேன்டீ இருக்கும்.

ஏறாவூர்: ட்ரேயில் லெப்டொப் வைத்திருந்தேன். முன்னால் சாய்த்ததும் ஸ்க்ரீன் வெடித்துவிட்டது.

ட்ரே மடிந்து போய் உட்காருகிற பள்ளத்துக்குள் ஸ்க்ரீனின் மேல் விளிம்பு மாட்டும், சீட் பின்னுக்கு வரும்போது நெரிந்துவிடும். விளிம்பு அந்தப் பள்ளத்துக்குள் போகாதபடி கொஞ்சம் உங்கள் பக்கமாக இழுத்து வையுங்கள். எயார்லைன் காசு தரும் என்று நம்பி இருக்க வேண்டாம்.

களுவாஞ்சிக்குடி: முன் சீட் சாயாமல் பூட்டி வைக்கிற ஒரு சாமான் இருக்கிறதாமே? வாங்கலாமா?

வேண்டாம். 'நீ டிஃபெண்டர்' என்று சின்னதாக இரண்டு பிளாஸ்டிக் துண்டு, ட்ரேயின் கையில் மாட்டினால் முன் சீட் அசையாது. 2014 ஓகஸ்ட்டில் அமெரிக்காவில் நூவர்க்கிலிருந்து டென்வர் போன யுனைட்டட் விமானத்தில் ஒருவர் இதை மாட்டினார். கழற்றச் சொன்னார்கள், கழற்றவில்லை. முன்னால் இருந்த பெண் எழும்பி அவர் மேல் தண்ணீரை ஊற்றினார். விமானத்தைச் சிக்காகோவுக்குத் திருப்பி இரண்டு பேரையும் இறக்கிவிட்டுத்தான் மீண்டும் புறப்பட்டது. இதில் எனக்குச் சிரிப்பு வருகிற இடம், இரண்டு பேருமே கூடக் காசு கட்டி கால் நீட்ட அதிக இடம் உள்ள வரிசையில் இருந்தவர்கள்.

1963 தோக்கியோ உடன்படிக்கைப்படி பறக்கிற விமானத்துக்குள் ஒழுங்கைக் காப்பாற்றுகிற அதிகாரம் கேப்டனுக்கு. அவர் இறக்கிவிட்டால் உங்கள் நியாயத்தை ஊர் பேர் தெரியாத விமானநிலையத்தில் நின்றுதான் சொல்ல வேண்டிவரும். சாமான் வேண்டாம், முழங்காலால் முட்டுக் கொடுக்கவும் வேண்டாம், சீட்டை உலுக்கவும் வேண்டாம். கூப்பிடுகிற பட்டனை அழுத்துங்கள்.

கல்முனை: நான் காசு கொடுத்த சீட். சாய்க்க ஏன் இன்னொருவரிடம் அனுமதி கேட்க வேண்டும்? கொழும்பு பஸ்ஸில் யாராவது கேட்கிறார்களா?

அனுமதி கேளுங்கள் என்று நான் எங்கேயும் சொல்லவில்லையே நானா. 2020இல் இதே சண்டை அமெரிக்காவில் சூடானபோது டெல்டா எயார்லைன்ஸ் தலைவர் எட் பாஸ்டியன், சாய்ப்பதற்கு முன் பின்னால் இருப்பவரிடம் கேட்பதுதான் முறை என்று தொலைக்காட்சியில் சொன்னார். எனக்கு அது முழுதாகச் சரி என்று படவில்லை. கேட்டு, அவர் 'முடியாது' என்றால்? அதற்குப் பிறகு சாய்த்தால் இரட்டிப்புக் கோபம். அதனால் நான் சொல்வது, கேட்காதீர்கள், அறிவியுங்கள். திரும்பிப் பார்த்து 'கொஞ்சம் சாய்க்கிறேன்' என்று ஒரு வார்த்தை, பிறகு மெதுவாக, பாதி. அந்த ஒரு வார்த்தை கேட்டவர்கள் எங்களைக் கூப்பிட்டு முறையிட்டது குறைவு.

அக்கரைப்பற்று: கல்முனைக்காரர் ஐந்தரை அடியாக இருப்பார் போல. நான் ஆறடிக்கு மேல். எனக்கு அது உரிமைப் பிரச்சினை இல்லை, எலும்புப் பிரச்சினை.

கல்முனை: உயரமானவர் கூடக் காசு கட்டி வேறு வரிசை எடுக்கட்டும். எனக்கு நாரி வலி இருக்கிறது, அதற்கு யார் கணக்குச் சொல்வது?

வந்தாறுமூலை: பொருளியல் படிக்கிறேன். பொருளியலாளர் ரொனால்ட் கோஸ் சொன்னபடி இரண்டு பேரும் பேரம் பேசினால் தீர்ந்துவிடும் அல்லவா? யாருக்கு அதிகம் தேவையோ அவர் காசு கொடுத்து வாங்கட்டும்.

இதைக் கேட்டதற்கு நன்றி மகள், இன்றைக்கு வந்ததிலேயே நல்ல கேள்வி. கோஸ் 1960இல் இந்தப் பேர யோசனையை எழுதியதும் 1991இல் நோபல் வாங்கியதும் உங்களுக்குத் தெரியும். 2014இல் அமெரிக்கச் சட்டப் பேராசிரியர்கள் இருவர் அந்த யோசனையை இந்தச் சீட் சண்டையிலேயே சோதித்துப் பார்த்தார்கள். நியூயோர்க்கிலிருந்து லொஸ் ஏஞ்சலஸ், ஆறு மணித்தியாலம் என்று நினைத்துக்கொள்ளச் சொல்லி இணையத்தில் சனத்திடம் கேட்டார்கள். பட்டன் உரிமை முன்னால் இருப்பவருக்கு என்றபோது, சாய்க்காமல் இருக்க அவர் சராசரியாக 41 டொலர் கேட்டார், பின்னால் இருப்பவர் கொடுக்கத் தயாராக இருந்தது 18. சரி, சாய்க்கிறவருக்குத்தான் தேவை அதிகம் என்று முடிவெடுப்போமா? உரிமையைப் பின்னால் இருப்பவருக்கு மாற்றிக் கேட்டார்கள். இப்போது சாய்க்க விரும்புகிறவர் கொடுக்க வந்தது 12 டொலர், பின்னால் இருப்பவர் கேட்டது 39. அதாவது தேவையைவிட, 'இது என்னுடையது' என்ற நினைப்புக்குத்தான் விலை அதிகம். கல்முனையும் அக்கரைப்பற்றும் சீட் மாறி இருந்தால் வசனத்தையும் மாற்றிக் கதைப்பீர்கள்.

கல்முனை: நான் மாற மாட்டேன்.

சரி நானா. இதோடு விடுவோம், மற்றவர்கள் காத்திருக்கிறார்கள்.

சம்மாந்துறை: முன்னால் இருப்பவர் சாய்த்தால் நாங்கள் என்ன செய்வது?

காத்தான்குடித் தம்பிக்குச் சொன்னதைப் பாருங்கள்.

பொத்துவில்: உம்மா உம்ராவுக்குப் போகிறார். இரண்டு முழங்காலிலும் மூட்டு வலி. எந்த சீட் எடுப்பது?

நடைபாதை ஓரம் எடுங்கள், எழும்பி நடக்கலாம். அவசர வாசல் வரிசையில் இடம் தாராளம், ஆனால் அங்கே இருக்கிறவர் கதவைத் திறக்க உதவக்கூடியவராக இருக்க வேண்டும், உம்மாவுக்குத் தர மாட்டார்கள். முன்னால் தடுப்புச் சுவர் உள்ள முதல் வரிசை கிடைத்தால் யாரும் அவர் மேல் சாய முடியாது. குறை என்னவென்றால் ஏறும்போதும் இறங்கும்போதும் கைப்பையைக் காலடியில் வைக்க விடமாட்டார்கள், குழந்தைத் தொட்டிலும் அங்கேதான் மாட்டுவார்கள், பக்கத்தில் அழுகை கேட்கலாம். சக்கர நாற்காலி வேண்டும் என்று டிக்கட் போடும்போதே சொல்லுங்கள், கட்டுநாயக்காவில் போய் நின்று கேட்காதீர்கள். நாலு மணித்தியாலத்துக்கு மேல் அசையாமல் இருந்தால் காலில் இரத்தம் கட்டுகிற ஆபத்து கூடும். அடிக்கடி எழும்பி நடக்கட்டும், இருந்தபடியே பாதத்தை மேலும் கீழும் ஆட்டட்டும். முன்பு அப்படி வந்திருந்தால் போவதற்கு முன் டொக்டரைக் கேளுங்கள்.

வாழைச்சேனை: என் சீட் சாயவே இல்லை. பழுதா?

கடைசி வரிசையா? பின்னால் சுவர் இருந்தால் சாயாது. அவசர வாசலுக்கு முன் வரிசையும் பெரும்பாலும் சாயாது, வழியை மறைக்கும் என்பதால். ரயன்எயார் மாதிரி சில எயார்லைன்களில் பட்டனே கிடையாது. என்னைக் கேட்டால் இரண்டு மூன்று மணித்தியாலப் பயணத்துக்கு அதுதான் நல்லது, சண்டைக்கே இடமில்லை.

மண்டூர்: கட்டாருக்கு வேலை விசா எடுக்க எவ்வளவு நாள்?

வேலைவாய்ப்புப் பணியகத்தில் கேளுங்கள்.

திருக்கோவில்: முன்னால் இருப்பவர் சாய்த்தால் திரும்ப முன்னுக்குத் தள்ளலாமா?

தள்ளக் கூடாது. மூன்றாவது தடவை சொல்கிறேன், பட்டனை அழுத்திக் கேபின் குழுவைக் கூப்பிடுங்கள். நீங்களும் சாய்க்கிறதென்றால் திரும்பிப் பாருங்கள், பிளேன்டீ!

சாய்ந்தமருது: அடுத்த வாரம் தோஹா போகிறேன். சாய்கிறவரிடமிருந்து தப்ப ஒரு சீட் சொல்லுங்கள்.

சில விமானங்களில் இறக்கைக்கு மேல் அவசர வாசல் வரிசை ஒன்றன்பின் ஒன்றாக இரண்டு இருக்கும். அதில் இரண்டாவதை எடுங்கள். அநேகமாக முன்னால் இருக்கிற வரிசை சாயாது, உங்களுடையது சாயும். கூடக் காசு கேட்பார்கள், சீட் வரைபடத்தில் இப்போதே பாருங்கள், போய்விடும்.