காரைக்குடி கல்யாண வீடியோ: தரை கட்டம் கட்டமாக உடைவது பற்றி

கல்யாண வீடியோவைச் சுருக்கியபோது தரை கட்டம் கட்டமாக உடைகிறது என்று கேட்டிருந்தீர்கள். சராசரி பிட்ரேட் (ஒரு விநாடி வீடியோவுக்குச் செலவாகும் டேட்டா) 2000 என்று பூட்டி வைக்காதீர்கள். வீடியோவைச் சுருக்கும் ஹேண்ட்பிரேக் மென்பொருளில் ‘கான்ஸ்டன்ட் குவாலிட்டி’ (தரத்தை ஒரே அளவில் வைக்கும் முறை) எடுத்து, எக்ஸ்264 என்ற சுருக்கும் வகைக்கு ஆர்எஃப் (தர எண்) 20, பிரீசெட் (வேக அமைப்பு) ‘ஸ்லோ’ வையுங்கள். எண் குறையக் குறையத் தரம் கூடும், ஃபைலும் பெருக்கும்.

வளவில் (வீட்டின் நடு முற்றத்தில்) கேமரா நகரும்போதுதான் ஆத்தங்குடிக் கல் (பூ வேலைப்பாடுள்ள தரை ஓடு) உடைகிறது என்கிறீர்களே, அங்கேதான் காரணம். ஒவ்வொரு பூவும் கோடும் ஃபிரேமுக்கு ஃபிரேம் இடம் மாறுகிறது. அந்த பிட்ரேட் அதற்குப் பத்தாது. வெள்ளைச் சுவர் முன்னால் ஆச்சி உட்கார்ந்து பேசும் இடத்துக்கு அதில் பாதியே தாராளம்.

முழு வீடியோவையும் ஓட்ட வேண்டாம். அந்தத் தரை வரும் 30 விநாடியை மட்டும் ஆர்எஃப் 20, 22, 24 என்று மாற்றி எடுத்து, டிவியில் போட்டுப் பாருங்கள். கண்ணுக்கு வித்தியாசம் தெரியாத வரை பெரிய எண்ணே நல்லது.

இந்த முறையில் ஃபைல் அளவை முன்கூட்டிச் சொல்ல முடியாது. எக்ஸ்264-க்கு அடுத்து வந்த எக்ஸ்265 இன்னும் சுருக்கும், ஆனால் பழைய டிவியில் ஓடாமல் போகலாம். ஒரிஜினலை மட்டும் தயவுசெய்து அழித்துவிடாதீர்கள்.