நீச்சல் தெரியாமல் கடலோர இயற்கை வழிகாட்டி ஆகலாமா?

வணக்கம். கணக்கு வேலை, வயது 38, உயிரியல் படித்ததில்லை, நீச்சலும் தெரியாது, கடலோர நடை வழிகாட்டியாகச் சேர முடியுமா என்று கேட்டிருந்தீர்கள். தாராளமாக முடியும். கடல்நீர் வற்றிய கரையில் நடப்பதற்கு நீச்சல் தேவையில்லை, பொறுமைதான் வேண்டும்.

பயிற்சிக்குப் பதிவு செய்யும் முன் கடல்நீர் எப்போது ஏறும், எப்போது இறங்கும் என்று காட்டும் கடல்மட்ட அட்டவணையைப் படிக்கப் பழகுங்கள். நீர்மட்டம் 0.3 மீட்டருக்குக் கீழே இறங்கும் நாளாகப் பார்த்துச் சிங்கப்பூரின் சாங்கி கடற்கரைக்குப் போங்கள். ஆண்டின் நடுவில் இது பெரும்பாலும் விடியுமுன் வரும். முதல் ரயிலுக்குக் காத்திருந்தால் தண்ணீர் ஏறிவிடும். மூடிய காலணி கட்டாயம், கல்போலத் தெரியும் நச்சுமீனான கல்மீனின் முள் காலில் ஏறினால் வலி தாங்காது. கடற்புல்லை மிதிக்காமல் மணலில் நடங்கள். நட்சத்திரமீனை வெளியே தூக்காதீர்கள். ஒரு நடைக்கு ஐந்து உயிர்களை மட்டும் நன்றாகக் கற்றுக்கொண்டால் போதும். எனக்குப் பெயர்கள் மனதில் நின்றது அப்படித்தான்.

அப்புறம், தேசியப் பூங்காக் கழகத்தின் தொண்டூழிய அறிவிப்புகளைக் கவனியுங்கள். படிப்பில்லையே என்று தயங்க வேண்டாம். புலாவ் உபின் தீவின் செக் ஜாவா கரையில் நடக்கவிருந்த நிலமீட்பு, அதாவது கடலை நிரப்பி நிலமாக்கும் வேலை, 2001 இறுதியில் தள்ளிவைக்கப்பட்டது. அதற்கு முன் அங்கே இறங்கி உயிரினங்களைப் பதிவு செய்தவர்களில் சாதாரண தொண்டூழியர்களும் நிறைய இருந்தார்கள்.

முதல் நடையில் என்ன பார்த்தீர்கள் என்று இங்கே எழுதுங்கள், படம் இருந்தால் அடையாளம் காண உதவுகிறேன்.