ஐ.இ.எல்.டி.எஸ். ஆங்கிலத் தேர்வு எழுதப் போகிறீர்களா? கேள்விகளும் பதில்களும்

கேள்வி (ஈசூன், தாதி): பிரிட்டனில் தாதியாகப் பதிந்துகொள்ள ஐ.இ.எல்.டி.எஸ். எழுதினேன். கேட்டல், வாசித்தல், பேச்சு மூன்றிலும் 7 கிடைத்தது. எழுத்தில் 6.5 தேவை, எனக்கு வந்தது 6. முதலிலிருந்து தொடங்க வேண்டுமா? பயிற்சிக்கு எழுதிய கட்டுரை ஒன்றையும் அனுப்பியிருக்கிறேன்.

பதில்: தளர்ந்துவிடாதீர்கள். 12 மாதங்களுக்குள் எழுதிய இரண்டு தேர்வுகளின் மதிப்பெண்களை அங்குள்ள தாதியர் மன்றம் சேர்த்துப் பார்க்கிறது. அடுத்த முறை எழுத்தில் 6.5 எடுங்கள், மற்ற மூன்றும் 6.5க்குக் கீழே இறங்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

உங்கள் கட்டுரையை இரண்டு முறை படித்தேன். ஆங்கிலத்தில் குறை அதிகம் இல்லை. வீட்டிலிருந்து வேலை செய்வதில் தீமையைவிட நன்மை அதிகமா என்பது கேள்வி. நீங்கள் மூன்று நன்மை, மூன்று தீமை எழுதி, ‘இரண்டும் உண்டு’ என்று முடித்துவிட்டீர்கள். தராசின் இரு தட்டிலும் சரக்கை வைத்தீர்கள். முள் எந்தப் பக்கம் சாய்ந்தது என்று சொல்லவே இல்லை. மதிப்பெண் போவது இங்கேதான். உங்கள் முடிவை முதல் பத்தியிலேயே சொல்லிவிட்டு, மற்ற பத்திகளை அதற்குச் சான்றாக நிறுத்துங்கள். இன்னொன்று: எழுத்துத் தேர்வில் வரைபடத்தை விவரிக்கும் முதல் பகுதிக்குக் குறைந்தது 150 சொற்கள், அடுத்து வரும் கட்டுரைக்கு 250. கட்டுரைக்கு இரு மடங்கு மதிப்பு. வரைபடத்திலேயே அரை மணி நேரம் கரைந்துவிட்டால் கட்டுரை மூச்சுத் திணறும். 20 நிமிடத்தில் அதை விட்டு வெளியே வாருங்கள்.

கேள்வி (ஜூரோங், கட்டுமான மேற்பார்வையாளர்): கனடாவில் குடியேற எந்த வகைத் தேர்வு, அண்ணா?

பதில்: ஜெனரல் டிரெய்னிங், தம்பி. அகாடமிக் என்ற இன்னொரு வகை பெரும்பாலும் பல்கலைக்கழகப் படிப்புக்கு உரியது. பணம் கட்டுவதற்கு முன் வகையைச் சரிபாருங்கள். வியர்வை சிந்திச் சேர்த்த காசு.

கேள்வி (தெம்பனிஸ்): மகள் பலதுறைத் தொழிற்கல்லூரி முடித்து ஆஸ்திரேலியாவில் படிக்கப் போகிறாள். நம் சிங்கப்பூர் உச்சரிப்புக்கு மதிப்பெண் குறைப்பார்களா?

பதில்: குறைக்க மாட்டார்கள், அம்மா. பேச்சு தெளிவாகப் புரிகிறதா என்றுதான் பார்ப்பார்கள். அவள் வெள்ளைக்காரர் மாதிரி நாக்கைச் சுழற்றவே வேண்டாம். ஆனால் ‘யெஸ்டர்டே ஐ கோ’ என்று நாம் காப்பிக்கடையில் சொல்வது தேர்வறையில் இலக்கணப் பிழை. ‘வென்ட்’ வர வேண்டும். தினமும் இரவுச் சாப்பாட்டின்போது அன்று நடந்ததை இரண்டு நிமிடம் ஆங்கிலத்தில் உங்களிடம் சொல்லச் சொல்லுங்கள். இறந்தகாலம் தானாக வாயில் படியும். மனப்பாடப் பதில் மட்டும் வேண்டாம். தேர்வாளர் எளிதில் கண்டுபிடித்துவிடுவார்.

கேள்வி (உட்லண்ட்ஸ்): கேட்டலில் விடை தெரிந்தும் மதிப்பெண் போகிறதே?

பதில்: ‘இரண்டு சொற்களுக்கு மேல் வேண்டாம்’ என்றால் மூன்றாவது சொல் சேர்ந்ததும் விடை தவறு. பன்மைக்கு உரிய ‘எஸ்’ விட்டுப்போனாலும் அப்படித்தான். எழுத்துப்பிழைக்கும் மன்னிப்பில்லை. கடைசி நிமிடங்களில் ஒவ்வொரு சொல்லின் வாலையும் பாருங்கள்.

கேள்வி (புக்கிட் பாஞ்சாங்): 2 ஆண்டுகளுக்கு முன் எழுதிய தேர்வு செல்லுமா?

பதில்: முடிவு 2 ஆண்டுகள்தான் செல்லும். விண்ணப்பிக்கும் நாளையும் உங்கள் தேர்வுத் தேதியையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதி, இன்றே கணக்குப் பாருங்கள்.