மேக்கப் பொருள்களை வைத்து, நிஜமாகப் பச்சை குத்தியது போலவே கையில் வரைய முடியுமா?

முடியும். ஒரு நாள் விழாவுக்கோ மேடை நாடகத்துக்கோ தாராளமாகத் தாங்கும். ஆனால் கன்னங்கரேலென்று வரையாதீர்கள்.

கல்லூரி நாடகத்தில் பாட்டி வேடம் போட்ட தோழியின் முன்கையில் தேள் வரையும் பொறுப்பு எனக்கு வந்தது. கறுப்பு ஐலைனரில் கவனமாக வரைந்தேன். ரப்பர் ஸ்டாம்ப் குத்தியது போலத்தான் இருந்தது. அன்று இரவு என் அப்பத்தா கையில் குத்தியிருந்த பச்சையை விளக்கு வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தேன். அதில் கறுப்பே இல்லை. சாம்பல் படிந்த பச்சை நிறம். "வெறும் விளக்குக் கரிதான்டி" என்றார். குத்திய மை மேல்தோலுக்கு அடியில் தங்கிவிடுகிறது. தோலின் வழியாகப் பார்ப்பதால் கரி நமக்கு நீலமும் பச்சையுமாகத் தெரிகிறது. பச்சை குத்துவது என்ற சொல்லில் இருக்கும் பச்சை எனக்கு அன்றுதான் கண்ணில் பட்டது. இன்னொன்றும் கவனித்தேன்: வருஷக்கணக்கில் மை பரவி, கோடுகளின் ஓரம் மங்கியிருந்தது.

மறுநாள் இதையெல்லாம் மனதில் வைத்து வரைந்தேன். கையை சோப்புப் போட்டுக் கழுவி நன்றாகத் துடைத்துவிட வேண்டும். எண்ணெய்ப் பசை இருந்தால் எதுவும் நிற்காது. பட்டர் பேப்பரில் காஜல் பென்சிலால் வரைந்து தோலில் அழுத்தினால் உருவம் பதியும். எழுத்து என்றால் இடவலமாக மாறி விழும், அதைத் திருப்பி எழுதிக்கொள்ளுங்கள். அப்புறம் வாட்டர்ப்ரூஃப் ஜெல் ஐலைனரில் கரும்பச்சை ஐஷேடோ ஒரு சிட்டிகையும் கருநீலம் கொஞ்சமும் குழைத்து, மெல்லிய பிரஷால் அந்தத் தடத்தின் மேல் வரையுங்கள். ஜெல் சீக்கிரம் இறுகிவிடும். அதற்குள் காது பட்ஸால் ஓரங்களை லேசாக ஒற்றிக் கலைத்துவிடுங்கள்.

காய்ந்ததும் பவுடரை ஒற்றி, உதிரியைத் தட்டிவிடுங்கள். ஐலைனரின் மினுமினுப்பு அதில் அடங்கும். அடுத்த படிதான் உயிர்நாடி. உங்கள் தோல் நிறத்திலேயே உள்ள பவுண்டேஷனை ஸ்பாஞ்சில் எடுத்து, அது கிட்டத்தட்ட காலியாகும்வரை புறங்கையில் துடைத்துவிட்டு, மிச்சத்தைப் படத்தின் மேல் ஒற்றுங்கள். தேய்க்கவே கூடாது. மை தோலுக்கு அடியில் இறங்கியது போல ஆகிவிடும், எனக்கே ஆச்சரியமாக இருந்தது! கடைசியாக மறுபடி பவுடர், மேக்கப் கலையாமல் நிற்க அடிக்கும் செட்டிங் ஸ்ப்ரே. புதிதாகக் குத்திய டாட்டூ போல வேண்டுமென்றால் ஓரத்தைக் கலைக்காதீர்கள், பவுண்டேஷனும் வேண்டாம்.

சினிமா மேக்கப்காரர்கள் இதற்கு ஆல்கஹாலில் கரையும் வண்ணங்களைப் பயன்படுத்துகிறார்கள். வியர்வைக்கு அசையாது. அடிக்கடி வரைபவர் என்றால் வாங்கலாம். ஒரு நாள் கூத்துக்கு அவ்வளவு செலவு தேவையில்லை.

ஒன்றை மட்டும் கெஞ்சிக் கேட்கிறேன். சீக்கிரம் கறுப்பாகப் பிடிக்கும் என்று விற்கும் 'கறுப்பு மருதாணி' பக்கம் போகாதீர்கள். நிஜ மருதாணி ஆரஞ்சிலிருந்து பழுப்பு வரைதான் சிவக்கும். அந்தக் கறுப்புக்குப் பெரும்பாலும் தலைமுடிச் சாயத்தில் இருக்கும் பிபிடி என்ற வேதிப்பொருளே காரணம். திருவிழாக் கடை ஒன்றில் இதைப் போட்டுக்கொண்ட என் சித்தி மகளுக்குக் கை முழுக்கக் கொப்புளம், மாதக்கணக்கில் தழும்பு. ஒருமுறை ஒவ்வாமை வந்துவிட்டால் பிறகு ஆயுசுக்கும் தலைச்சாயம்கூடப் போட முடியாமல் போகலாம். ஐலைனரையும் முதல் நாளே முழங்கையின் உள்பக்கம் ஒரு புள்ளி வைத்துச் சோதித்துவிடுங்கள்.

அழிப்பது சுலபம். தேங்காய் எண்ணெயைத் தடவி இரண்டு நிமிஷம் ஊறவிட்டு, பஞ்சால் துடைத்தால் போய்விடும்.