அலையாத்திச் சேத்துல மிதக்குற பழுப்பு நாரெல்லாம் பிளாஸ்டிக்கா?

இல்லைங்க, நுண்பிளாஸ்டிக்கைப் பிரிச்சு எண்ணறதுக்காக அலையாத்திக் காட்டுச் சேத்தை உப்புக் கரைசல்ல கலக்கும்போது மேல வர்ற அந்தப் பழுப்பு நார் பெரும்பாலும் வேர்த்தூளாதான் இருக்கும், அப்படியே எண்ணிப் பிளாஸ்டிக் கணக்குல சேத்துடாதீங்க.

அலையாத்திச் சேத்துல ஆக்சிஜன் கிட்டத்தட்ட கிடையாது, அதனால வேரும் இலைத் துணுக்கும் லேசுல மக்காது, எடையும் கம்மிங்கறதால பிளாஸ்டிக்கோட சேர்ந்தே மிதந்து வந்துடும்.

1. செடித் துணுக்கைக் கரைக்க, மிதந்ததை 30% ஹைட்ரஜன் பெராக்சைடுல ஊற வைங்க. சூடு 60 டிகிரியைத் தாண்ட வேணாம், திடீர்னு நுரைச்சுப் பொங்கும், கையுறையும் கண்ணாடியும் கட்டாயம் போட்டுக்கோங்க.

2. மிச்சத்தை மைக்ராஸ்கோப்ல பாருங்க. செடி நார்ல கட்டம் கட்டமா செல் தெரியும், பிளாஸ்டிக் இழை நெடுக ஒரே தடிமனா இருக்கும். அப்பவும் சந்தேகம்னா சூடான ஊசி முனையைக் கிட்ட கொண்டு போங்க, பிளாஸ்டிக்னா பெரும்பாலும் இளகிச் சுருளும், வேர் கருகிடும்.

ஒண்ணு மட்டும் கவனம்: சாதா உப்புக் கரைசலோட அடர்த்தி மில்லிலிட்டருக்கு 1.2 கிராம் தான், பிவிசியும் பெட் பாட்டில் துணுக்கும் அதைவிட கனம், அடியிலேயே தங்கிடும். அதனால மிதக்கலைன்னா அந்த ரகம் சேத்துல இல்லவே இல்லைன்னு தயவுசெஞ்சு எழுதிடாதீங்க, அதுக்கு ஜிங்க் குளோரைடு மாதிரி கனமான கரைசல் வேணும், அதை சிங்க்ல ஊத்தக் கூடாது. பக்கத்துல ஒரு ஈர ஃபில்டர் பேப்பரையும் திறந்து வைங்க, உங்க சட்டை நார் எவ்வளவு விழுதுன்னு அதுல தெரிஞ்சுடும்.