முதல் வலுதூக்கும் போட்டி: வாசகர் கேள்வி – பதில்

மாவட்ட அளவிலான வலுதூக்கும் போட்டியில் முதன்முறையாக இறங்கப் போகிறவர்களின் கேள்விகள் இந்த இதழில். பதில்கள் சர்வதேச வலுதூக்கும் சம்மேளனத்தின் 'கிளாசிக்' பிரிவு விதிகளை ஒட்டியவை. வலுதூக்குதலில் மூன்று தூக்கல்: கம்பியைத் தோளில் தாங்கி உட்கார்ந்து எழும் ஸ்குவாட், படுத்தபடி நெஞ்சிலிருந்து தள்ளும் பெஞ்ச், தரையிலிருந்து தூக்கி நிமிரும் டெட்லிஃப்ட். எடை தூக்க உதவும் இறுக்கமான ஸ்குவாட் சூட், பெஞ்ச் சட்டை எதுவும் அணியாமல் தூக்கும் பிரிவு அது.

என் எடை 76.5 கிலோ. போட்டிக்கு இன்னும் பத்து நாள். 74 கிலோ பிரிவுக்கு இறங்கிவிடலாமா?
– கல்லூரி மாணவர், சேலம்

வேண்டாம். 83 கிலோ பிரிவிலேயே பெயர் கொடுங்கள். எடை பார்ப்பது போட்டி தொடங்க 2 மணி நேரம் முன்புதான். தண்ணீரைக் குறைத்து எடையை இறக்கினால், இழந்ததை அந்த 2 மணி நேரத்தில் உடம்பு முழுசாகத் திரும்பப் பெறாது. முதலில் அடிவாங்குவது ஸ்குவாட். டெட்லிஃப்ட் வரும்போது தொடை பிடித்துக்கொள்ளும். 'தண்ணி இறங்க' என்று ஜிம்மில் யாராவது ஃபியூரோசமைட் மாத்திரை நீட்டினால் தொடாதீர்கள். சிறுநீர் பெருக்கிகள் ஊக்கமருந்துத் தடைப் பட்டியலில் எல்லா நாளும் தடை செய்யப்பட்டவை, இதயத்துக்கும் ஆபத்து.

முதல் முயற்சிக்கு எவ்வளவு எடை சொல்வது? ஜிம்மில் ஸ்குவாட் 135, பெஞ்ச் 90, டெட்லிஃப்ட் 160 தூக்கியிருக்கிறேன்.
– வாசகர், ஈரோடு

ஒவ்வொரு தூக்கலுக்கும் மூன்று முயற்சி. மூன்றிலும் தோற்றால் அந்தத் தூக்கலில் மதிப்பெண் இல்லை, மொத்த எடையும் இல்லை. மற்ற இரண்டில் எவ்வளவு தூக்கினாலும் வெளியேதான். அதனால் ஓப்பனர், அதாவது முதல் முயற்சி எடை, தூக்கம் கெட்டு, கை நடுங்கும் நாளிலும் மூன்று முறை தூக்கக்கூடிய எடையாக இருக்க வேண்டும். உங்கள் உச்சத்தில் ஏறக்குறைய 90 சதவீதம்.

ஸ்குவாட்டுக்கு 120, 127.5, 132.5 என்று திட்டமிடுங்கள். பெஞ்சில் ஒரு சந்தேகம்: அந்த 90 கிலோவை நெஞ்சில் நிறுத்தித் தூக்கினீர்களா, தட்டி எழுப்பினீர்களா? தட்டி எழுப்பியது என்றால், நிறுத்தும்போது 5 கிலோ, சிலருக்கு 10 கிலோகூடக் குறையும். இந்த வாரமே நிறுத்திப் பாருங்கள். 85 வந்தால் 77.5-இல் தொடங்குங்கள். டெட்லிஃப்ட் 145, 155, பிறகு 160 அல்லது 162.5.

உள்ளூர் ஜிம் தட்டுகளில் பல, பொறித்திருக்கும் எடைக்குச் சரியாக இருப்பதில்லை. கம்பியும் 20 கிலோ இருக்கும் என்ற உறுதி இல்லை. ஒரு தராசில் வைத்துப் பாருங்கள். போட்டியில் கம்பி 20, தட்டு நழுவாமல் பூட்டும் இரு பக்கக் காலர்களும் சேர்த்து 5. அதாவது தட்டு போடும் முன்பே 25 கிலோ. காலரைக் கணக்கில் விட்டுவிட்டு எடை சொல்லிக் குழம்புகிறவர்கள் நிறைய.

தூக்கி முடித்த 1 நிமிடத்துக்குள் அடுத்த எடையை மேசையில் சொல்லிவிட வேண்டும். மறந்தால், வென்றிருந்தால் 2.5 கிலோ கூட்டிப் போடுவார்கள். தோற்றிருந்தால் அதே எடை. ஏற்றிச் சொன்னதை இறக்க முடியாது. ஸ்குவாட்டிலும் பெஞ்சிலும் இரண்டாவது, மூன்றாவது முயற்சிக்குச் சொன்ன எடை சொன்னதுதான். டெட்லிஃப்ட் மூன்றாவது முயற்சியை மட்டும் இரண்டு முறை மாற்றலாம். கூட வரும் நண்பர் இந்த வேலையைப் பார்த்துக்கொண்டால் நீங்கள் மூச்சு வாங்கலாம்.

எடை எழுந்தும் சிவப்பு விளக்கு போட்டுவிடுகிறார்களே, ஏன்?
– வாசகி, மதுரை

புதியவர்கள் பலம் போதாமல் தோற்பதைவிட நடுவரின் கட்டளையை மீறித் தோற்பதுதான் அதிகம். மூன்று நடுவர்களில் இருவர் வெள்ளை விளக்கு காட்டினால் தூக்கல் செல்லும்.

ஸ்குவாட்டில் கம்பியோடு பின்வாங்கி, முழங்கால் நேராக, அசையாமல் நிற்க வேண்டும். நடுவர் 'ஸ்குவாட்' என்று சொல்லி, கையையும் இறக்கிய பிறகே கீழே போகலாம். எழுந்து நின்ற பிறகு, கம்பியைத் தாங்கியில் வைக்கச் சொல்லும் 'ரேக்' வரும்வரை ஒரு அடி நகரக்கூடாது. ஜிம் பழக்கத்தில் எழுந்ததும் முன்னால் நடப்பதுதான் எல்லோரும் செய்யும் தவறு.

பெஞ்சில் மூன்று கட்டளை. கை நீட்டி அசையாமல் பிடித்ததும் 'ஸ்டார்ட்', நெஞ்சில் கம்பி நின்றதும் 'பிரஸ்', கை முழுசாக நீண்டு பூட்டியதும் 'ரேக்'. தலை, தோள், பிட்டம் பெஞ்சை விட்டு எழக்கூடாது, பாதம் தரையில் பதிந்திருக்க வேண்டும். ஆள்காட்டி விரல்களுக்கு இடையே 81 சென்டிமீட்டருக்கு மேல் அகலம் கூடாது. கம்பியில் கோடு இருக்கும். இறக்கும்போது முழங்கையின் அடிப்பகுதி தோள்மூட்டின் மேற்பரப்பு மட்டத்துக்கோ அதற்குக் கீழோ வர வேண்டும் என்பது 2023 முதல் உள்ள விதி. முதுகை அதிகம் வளைத்து, அகலமாகப் பிடிப்பவர்கள் இதை முன்பே சரிபார்க்க வேண்டும்.

டெட்லிஃப்டில் தொடங்கக் கட்டளை இல்லை. முழங்காலும் தோளும் நிமிர்ந்து நின்றதும் 'டவுன்' வரும். அதற்குமுன் இறக்கினாலும், இறக்கும்போது கையை விட்டாலும் சிவப்புதான்.

ஸ்குவாட்டில் சிவப்பு விளக்கோடு நடுவர் காட்டும் அட்டையைப் பாருங்கள். சிவப்பு அட்டை ஆழம் போதவில்லை என்பதற்கு: இடுப்பு மூட்டருகே தொடையின் மேற்பரப்பு முழங்கால் உச்சிக்குக் கீழே இறங்கவில்லை. நீலம், முழங்கால் பூட்டாததற்கும் எழும்போது மீண்டும் கீழே சரிந்ததற்கும். மஞ்சள், கட்டளை மீறியதற்கும் கால் நகர்ந்ததற்கும். அட்டையைப் படித்தால் அடுத்த முயற்சியில் எதைத் திருத்துவது என்று தெரிந்துவிடும்.

கடைசி 6 வாரமாவது நண்பரைக் கட்டளை சொல்ல வைத்துப் பழகுங்கள். 'பிரஸ்' சொல்வதை வேண்டுமென்றே தாமதிக்கச் சொல்லுங்கள். கண்ணாடிக்கு முதுகு காட்டி ஸ்குவாட் செய்து, போனை முழங்கால் உயரத்தில் பக்கவாட்டில் வைத்துப் படம் பிடியுங்கள்.

வார்ம்-அப் எப்போது தொடங்குவது? என்ன சாப்பிடுவது?
– வாசகர், திருநெல்வேலி

மேடையில் ஒருவர் தூக்கச் சுமார் 1 நிமிடம். 12 பேர் குழு என்றால் ஒரு சுற்று 12 முதல் 15 நிமிடம். முதல் குழுவில் இருந்தால் தொடங்க 35 நிமிடம் முன்பு கம்பியைத் தொடுங்கள். 120 ஓப்பனருக்கு: வெறும் கம்பி 8 முறை, 60 கிலோ 5 முறை, 80 கிலோ 3 முறை, 95 ஒன்று, 110 ஒன்று. கடைசித் தூக்கல் மேடை ஏற 6–8 நிமிடம் முன்பு முடிய வேண்டும். வார்ம்-அப் அறையில் ஓப்பனரையே தூக்கிப் பார்ப்பது வீண் செலவு.

எடை பார்த்ததும் இட்லியும் சட்னியும், ஓ.ஆர்.எஸ். கலந்த தண்ணீரும் போதும். இடைவெளிகளில் வாழைப்பழம், கடலை மிட்டாய், கொஞ்சம் தயிர் சாதம். போட்டி நான்கைந்து மணி நேரம் இழுக்கும், கையோடு கொண்டு போங்கள். பூரி, பிரியாணி மாலைக்கு. பயிற்சிக்கு முன் குடிக்கும் ப்ரீ-வொர்க்அவுட் பவுடர் எதையும் புதிதாக அன்று முயற்சிக்காதீர்கள். லேபிளில் இல்லாத ஊக்கமருந்து கலந்த பவுடர்கள் சந்தையில் உண்டு; தேசிய ஊக்கமருந்துத் தடுப்பு முகமையான நாடாவின் சோதனையில் சிக்கினால் 'தெரியாது' என்ற பதில் உங்களைக் காப்பாற்றாது. காபி குடிக்கலாம்.

டெட்லிஃப்டில் பிடி நழுவுகிறது. ஸ்ட்ராப் கட்டலாமா?
– வாசகர், கோவை

கையைக் கம்பியோடு சேர்த்துக் கட்டும் ஸ்ட்ராப்புக்கு அனுமதி இல்லை. பெல்ட், 7 மில்லிமீட்டர் தடிமன்வரையிலான முழங்கால் உறை ('நீ ஸ்லீவ்'), மணிக்கட்டுப் பட்டை இவை கூடும். உடலோடு ஒட்டிய ஒரே துண்டு உடையான சிங்க்லெட்டும், டெட்லிஃப்டுக்கு முழங்காலுக்குக் கீழ்வரை காலை மூடும் சாக்ஸும் கட்டாயம். பிடிக்கு, ஒரு கை உள்ளே ஒரு கை வெளியே வைக்கும் கலப்புப் பிடி எளிது. இன்றிலிருந்து கனமான செட்களில் ஸ்ட்ராப்பைக் கழற்றிவிட்டு, கடைசி முறை எழுந்ததும் 5 விநாடி பிடித்து நில்லுங்கள். கடைசிக் கனமான டெட்லிஃப்ட் போட்டிக்கு 10 முதல் 14 நாள் முன்பு முடியட்டும்.

போட்டி அன்று பிடி வழுக்காமல் இருக்கக் கைக்குச் சாக் பொடி, டெட்லிஃப்டுக்குத் தொடைக்கு டால்கம் பவுடர். டால்கம் பவுடரை நண்பரைத் தடவச் சொல்லுங்கள். உங்கள் உள்ளங்கையில் அது பட்டால் கம்பி வழுக்கும்.