ஆர்.எஸ்.புரத்துப் பழைய வீடு – கடிதம்

அன்புள்ள ஐயாவுக்கு,

வணக்கம். சரவணம்பட்டியில் அடுக்குமாடி வீட்டில் இருக்கிறோம். ஆர்.எஸ்.புரத்தில் ஆறு சென்ட்டில் ஒரு பழைய வீடு விலைக்கு வந்திருக்கிறது. சுதந்திரத்துக்கு முன்னால் கட்டிய தார்சு வீடு, அதாவது உத்தரத்தின் மேல் செங்கல்லும் சுண்ணாம்பும் போட்ட தட்டைக் கூரை. தேக்கு உத்தரம், சிவப்புத் தரை, அகலமான வராந்தா. பார்த்ததுமே எனக்குப் பிடித்துவிட்டது. அப்பா, “இடத்துக்கு மட்டும் விலை பேசு, இடிச்சுக் கட்டிக்கலாம்” என்கிறார். தெற்குப் பார்த்த வாசல் என்று மாமியாருக்குத் தயக்கம். கூட்டிப்போன கொத்தனார், “செவுரு பூரா ஓதம் ஏறிப்போச்சுங்க. பழைய பூச்சைக் கொத்திட்டு சிமென்ட் பூசி, தரைக்கு டைல்ஸ் போட்டா புதுசாட்ட ஆயிரும்” என்றார். கேட்கிற விலைக்கு வாங்கலாமா?

எம்., கோவை

அன்புள்ள அம்மிணிக்கு,

விலையை என்னிடம் கேட்காதீர்கள். அந்தத் தெருவில் அண்மையில் பதிவான பத்திரங்கள் சொல்லும். தெற்கு வாசல் பேச்சை விடுங்கள். மூலப் பத்திரத்தை நல்ல வக்கீலிடம் காட்டுங்கள். பழைய வீட்டுக்கு வாரிசுகள் ஊருக்கு ஒருவராக இருப்பார்கள். கட்டிக்கொடுத்த பெண்களின் கையெழுத்தையும் விட்டுவிடக் கூடாது.

அந்தக் கொத்தனார் சொன்னதற்குத்தான் இந்தப் பதிலை எழுதுகிறேன். கொஞ்ச நாளாக இந்த விஷயம்தான் என் மனதிலும் ஓடிக்கொண்டிருக்கிறது. ஆர்.எஸ்.புரம், டாடாபாத், ராம் நகர் என்று எந்தப் பக்கம் போனாலும் ஒரு வீட்டை இடித்துக்கொண்டிருக்கிறார்கள். உளுத்துப்போகாத தேக்கு உத்தரங்கள் லாரியில் ஏறுகின்றன. கேட்டால், சுவர் போய்விட்டது என்கிறார்கள். சுவர் ஏன் போனது என்று ஒருவரும் கேட்பதில்லை.

டாடாபாத்தில் என் அத்தை வீடு இருந்தது. ஆசாரத்து, அதாவது கூடத்து, சுவரில் முழங்கால் உயரத்துக்கு லேசான ஈரக்கறை எப்போதும் இருக்கும். வருசா வருசம் பொங்கலுக்கு முன்னால் சுண்ணாம்பு அடிப்பார்கள், அதோடு சரி. அத்தை போன பிறகு மகன்கள் இடுப்பளவுக்குப் பழைய சுண்ணாம்புக் காரைப் பூச்சைக் கொத்தி எடுத்துவிட்டு சிமென்ட் பூசினார்கள். இரண்டு ஐப்பசி மழை தாண்டவில்லை. சிமென்ட் முடிந்த இடத்துக்கு மேலே, அதுவரை காய்ந்தே கிடந்த சுவரில், வெள்ளை வெள்ளையாக உப்புப் பூத்தது. கட்டை விரலால் அழுத்தினேன், செங்கல் மாவாக உதிர்ந்தது. “வீட்டுக்கு வயசாயிருச்சு” என்று விற்றுவிட்டார்கள். இப்போது அங்கே நான்கு மாடி.

அந்தக் காலத்து வீடுகள் பலவற்றில் அஸ்திவாரத்துக்கு மேல் ஈரத்தைத் தடுக்கும் அடுக்கு கிடையாது. மண்ணிலிருந்து ஈரம் செங்கல் வழியாக ஏறத்தான் செய்யும். சுண்ணாம்புக் காரையில் கண்ணுக்குத் தெரியாத துளைகள் உண்டு. ஏறின ஈரம் அதன் வழியே காற்றில் காய்ந்துவிடும். சிமென்ட் பூசினால் அந்த வழி அடைபடுகிறது. அப்புறம் ஈரம் என்ன செய்யும்? இன்னும் மேலே ஏறும். கூடவே போகும் உப்பு, காய்கிற இடத்தில் படிகமாகிச் செங்கல்லை உள்ளிருந்தே உடைக்கும். மேலே பிளாஸ்டிக் பெயின்டும் அடித்தால் இன்னும் மோசம். படித்த பிள்ளை நீங்கள். பூசுவதற்கு முன்னால் எதனால் ஓதம் என்று அந்த ஆளிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்க வேண்டாமா?

சிமென்ட் எதற்குமே ஆகாது என்று நான் சொல்லவில்லை. மதுக்கரையில் சிமென்ட் ஆலை வந்தே தொண்ணூறு வருசம் ஆகிவிட்டது. இந்த ஊரே அதில்தான் எழுந்தது. காரைச் சுவருக்கு மேல் அது வேண்டாம், அவ்வளவுதான். பழைய பூச்சு உதிர்ந்த இடத்தில் நீற்றிய சுண்ணாம்பும் மணலும் சேர்த்து, கடுக்காயும் வெல்லமும் ஊறின தண்ணீர் விட்டுப் பூசச் சொல்லுங்கள். காரைக்குடிப் பக்கம் இந்த வேலை தெரிந்தவர்கள் இன்னும் இருக்கிறார்கள். காற்றிலிருக்கும் கரியமில வாயுவை இழுத்துத்தான் சுண்ணாம்பு இறுகும், அதனால் மாசக்கணக்கில் ஆகும். பொறுக்க முடியாதவர்கள் பழைய வீட்டுப் பக்கமே போகக் கூடாது. சிவப்புத் தரையில் டைல்ஸை ஒட்டினால் அடியிலிருக்கும் ஈரமும் சுவர்ப் பக்கம்தான் ஒதுங்கும். அதையும் தொடாதீர்கள்.

அப்பாவிடம் கோபப்படாமல் இதைச் சொல்லுங்கள். பிளேக் வந்து வந்து பழைய ஊரை வாரிக்கொண்டு போன காலத்தில், நெருக்கமில்லாமல் இருக்கட்டும் என்று விரித்த பகுதி ஆர்.எஸ்.புரம். நகராட்சித் தலைவராக இருந்த இரத்தினசபாபதி முதலியாரின் பெயரைத்தான் சுருக்கிச் சொல்கிறோம். உயரமான கூரையும், வீட்டைச் சுற்றி விட்ட இடமும், பாலக்காட்டுக் கணவாய்க் காற்று உள்ளே வர வைத்த ஜன்னல்களும் காசு மிஞ்சிச் செய்தவை இல்லை. இடித்துவிட்டு எல்லை வரைக்கும் கட்டினால், சரவணம்பட்டியில் இருப்பதுதான் ஆர்.எஸ்.புரத்திலும் கிடைக்கும்.

அட்வான்ஸ் கொடுக்கும் முன், நல்ல மழை பெய்த மறுநாள் ஒருமுறை போங்கள். மொட்டை மாடியில் தண்ணீர் தேங்கியிருக்கிறதா, தண்ணீர் வெளியே போகும் தூம்பு அடைத்திருக்கிறதா என்று பாருங்கள். ஒழுக்கை நிறுத்தக் கூரை மேலே கான்கிரீட் போடலாம் என்று யாராவது சொன்னால் சம்மதிக்காதீர்கள், உத்தரம் அந்தப் பாரம் தாங்காது. ஏணி வைத்து ஏறி, உத்தரம் சுவருக்குள் நுழைகிற முனையை ஒவ்வொன்றாக ஸ்க்ரூ டிரைவரால் குத்திப் பாருங்கள். நடுவில் நன்றாக இருக்கும் மரம் முனையில்தான் உளுக்கும். கெட்டியாக இருந்தால் வாங்குங்கள். ஒன்றிரண்டு போயிருந்தாலும் மாற்றிக்கொள்ளலாம், அந்தச் செலவை விலையில் கழிக்கச் சொல்லுங்கள். பெரும்பாலானவை போயிருந்தால், எவ்வளவு பிடித்திருந்தாலும் விட்டுவிடுங்கள்.